பெரிய வீட்டு ஆச்சியிடம் என்ன கேட்பது?

தம்பி, பிள்ளைகள் வெளிநாடு போய்விட, செட்டிநாட்டு வீடுகளில் தங்கிவிட்ட முதியவர்களின் தனிமையை அளக்க “தனிமையாக உணர்கிறீர்களா?” என்ற ஒரே கேள்வி போதாதா, பேராசிரியர் அதைத் தள்ளிவிட்டாரே, என் மேல் அதிருப்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிருப்தி இல்லை. இங்கே இங்கிலாந்தில் மாணவர் எழுதியதை வரிவரியாக அலசுவதுதான் அக்கறை. நீங்களும் எதிர்வாதம் செய்யலாம்; எனக்குத் தேவகோட்டை வளர்ப்பு, வாய் திறக்கவே வெகுநாளாயிற்று.

ஆனால் இதில் அவர் சொல்வதே சரி. நம் ஊர் ஆச்சியிடம் அப்படி நேராகக் கேட்டால், “எனக்கென்ன குறை? பையன் தினமும் பேசுகிறான்” என்பார். தனிமை என்று ஒப்புக்கொண்டால் மகனைக் குறை சொன்னதாகிவிடுமே! உங்களுக்குக் கிடைப்பது குடும்ப மானத்தின் அளவு.

1978-இல் வந்த யுசிஎல்ஏ (அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம்) தனிமை அளவுகோலில் 20 வாக்கியங்கள் உண்டு. அதைப் படியுங்கள், ஆனால் அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். முதலில் சில பெரியவர்களுடன் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து பேசவிட்டுக் கேளுங்கள். “எனக்கு மட்டும் என்று சமைக்க மனம் வருவதில்லை”, “முடியாதபோது கூப்பிட ஆள் இருக்கிறது” போன்றவை அவர்கள் வாயிலிருந்தே வரும். இரண்டாவது எதிர்த்திசை வாக்கியம்; அதற்கு “ஆமாம்” என்றால் தனிமை குறைவு என்று பொருள். எல்லாவற்றுக்கும் “ஆமாம்” என்று தலையாட்டுபவரை அது காட்டிக்கொடுக்கும். கூட்டும்போது அதன் மதிப்பெண்ணை மட்டும் திருப்பிப் போட மறக்காதீர்கள்.

“வீடு பெரிதாகவும் வெறுமையாகவும் இருக்கிறது” என்று எழுதிவிடாதீர்கள். ஆயிரம் சன்னல் வைத்த வீட்டில் பெரிது என்பதற்கு யார்தான் இல்லை என்பார்கள்? எதற்குத் தலையாட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. மகன் வாரம் எத்தனை முறை அழைக்கிறான் என்பதையும் இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். அது தனிமைக்குக் காரணமாகலாம், தனிமையின் அடையாளம் அல்ல.

பிறகு குரோன்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். 0.7 தாண்டினால் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கேள்விகளைக் கூட்டினாலே அது ஏறும் என்பதைப் பேராசிரியரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், மதிப்பார். 0.95-க்கு மேல் போனால் நான் சந்தேகப்படுவேன். ஒரே கேள்வியைத்தான் சொல் மாற்றிக் கேட்டிருப்பீர்கள்.

இன்னொன்று. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் ஊரில் ஒருவரிடமும் தரவு திரட்டாதீர்கள். விண்ணப்பத்திலேயே, கையெழுத்துக்குப் பதிலாக வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். சொத்துப் பத்திரமோ என்று பயந்து பேனாவைத் தொட மறுப்பவர்கள் நம் பக்கம் அதிகம்.