தோலுக்கு மாடும் தெரியாது, தென்னையும் தெரியாது

கேள்வி: தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சோப்பைப் போட ஆரம்பித்ததும் கணுக்காலுக்கு மேலும் விரலிடுக்கிலும் ஒரே அரிப்பு, வறட்சி. உறையில் ‘சோடியம் டாலோவேட்’ என்று இருக்கிறது, மாட்டுக் கொழுப்பாமே? நாங்கள் சைவம். அதனால்தான் உடம்பு ஏற்கவில்லை என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: டாலோவேட் என்பது மாடு அல்லது ஆட்டுக் கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சிய சோப்புதான். ஆனால் அரிப்புக்கு அதைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சும்போது கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலங்களின் உப்பாகிவிடுகிறது. மாட்டுக் கொழுப்பில் அதிகமுள்ள ஒலியிக், பால்மிடிக் அமிலங்கள்தான் பாமாயிலிலும் அதிகம். இன்னொன்று சொன்னால் மாமியார் சண்டைக்கு வருவார்: நல்ல நுரை தரும் தேங்காயெண்ணெயின் லாரிக் அமிலம் தோலை இவற்றைவிட அதிகமாக உறுத்தும்.

நீங்கள் சொல்லும் இடங்களே விஷயத்தைக் காட்டுகின்றன. கணுக்காலுக்கு மேலே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. விரலிடுக்கில் சோப்பு சரியாக அலசப்படாமல் தங்கும். தோலின் பி.எச். (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) சுமார் 5, சோப்புக்கோ 9, 10. எந்தக் கொழுப்பில் செய்தாலும் இந்தக் காரம் போகாது. அடுத்த சந்தேகம் வாசனைப் பொருள்மீது. நிஜமான ஒவ்வாமைக்கு அதுதான் அடிக்கடி காரணம். விலங்கிலிருந்து வருவதில் ஒவ்வாமைக்குப் பேர்போனது ஆட்டு ரோமத்து மெழுகான லனோலின். உறையில் அது இருக்கிறதா பாருங்கள், கால் வெடிப்புக்குப் போடும் க்ரீமிலும் பாருங்கள்.

அந்த சோப்பை நிறுத்திவிட்டு, வாசனையில்லாத ‘சின்டெட்’ வகை (சோப்பு அல்லாத, காரம் குறைந்த) பாரை இரண்டு மூன்று வாரம் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். துடைத்த கையோடு, ஈரம் காயுமுன் வாசலின் தடவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், அல்லது நீர் கசிந்தால், தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுப்பார்கள்; அப்புறம் ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். வீட்டிலேயே சோப்புத் துண்டைக் கையில் கட்டிப் பரிசோதிக்காதீர்கள், யார் தோலும் சிவக்கும்!

சைவம் என்பதற்காக வேண்டாம் என்றால் அது உங்கள் உரிமை, அதற்கு அரிப்பைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. சோடியம் பால்மேட், கோகோவேட் என்று இருந்தால் முறையே பாமாயில், தேங்காயெண்ணெய். ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் விலங்கு, தாவரம் என இரண்டு வழியிலும் வரும். அதைத் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும். தம்பியிடம் அடுத்த முறை பேரீச்சம்பழம் கேளுங்கள்.