தடைக்காலம் முடிந்த கையோடு வரும் கல்லூரிக் கட்டணம்

கேள்வி: என் கணவர் காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நான் மீன் விற்கிறேன். பி.எஸ்சி. முடித்த மகளுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. காலநிலை, குடிபெயர்வு, சுகாதாரம் என்று உலகத்துக்கே உள்ள பிரச்சினைகளை மக்களோடு இருந்தே படிக்கிற துறையாம். வாரம் இரண்டு நாள் களப்பணி. கட்டணமும் விடுதியும் சேர்த்து 2,60,000 ரூபாய். எங்களிடம் இருப்பது 8 சவரன் நகைதான். "ஊரைச் சுத்துறதுக்கா இவ்ளோ பணம்?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நகையை விற்றுவிடலாமா?
— ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: விற்க வேண்டாம், சகோதரி. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் உங்கள் வீட்டுக்கு வங்கி அந்த நகைதான். தடை முடிந்து கை காலியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கல்லூரியும் பணம் கேட்கும். அந்த அவசரத்தில் விற்ற நகையைத் திரும்ப வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சேர்க்கைக்கு முன்பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒன்றிரண்டு சவரனை வங்கியில் அடகு வையுங்கள்.

கட்டணத்துக்குக் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை சொத்தோ நகையோ ஈடு கேட்கக் கூடாது. பெற்றோரில் ஒருவர் உடன் கையெழுத்துப் போட்டால் போதும்.

உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: களப்பணிச் செலவு. போக்குவரத்து, வெளியில் தங்குவது, சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் அதில் வரும். இரண்டு வருடத்துக்கு 40,000 ரூபாயாவது வையுங்கள். படிப்புக்குத் தேவையான களப்பணி, ஆய்வுச் செலவுக்கும் கடன் உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் தரும் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தில் அது எழுதியிருக்க வேண்டும். கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால், மறுபடி கேட்டு வாங்குங்கள்.

ஆக, 3 லட்சம். வட்டி 10 சதவீதம், பருவத்துக்கு 75,000 என்று நான்கு தடவையாகப் பணம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. அதுவரை வட்டியே கட்டாவிட்டால் கடன் சுமார் 3,67,500 ஆகிவிடும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் 6,100 வேண்டும். மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் தவணை 5,000க்குள் நிற்கும். அந்த வட்டி முதல் பருவத்தில் மாதம் 625, கடைசிப் பருவத்திலிருந்து 2,500. படிக்கிற காலத்தில் வட்டி கட்டுவது உங்கள் விருப்பம் என்பதால், தடைக்கால மாதங்களில் விட்டாலும் தவணை தவறியதாகாது. மீன்பாடு நன்றாக இருக்கிற மாதங்களில் கட்டுங்கள்.

பிரதமர் வித்யாலட்சுமி திட்டப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குத் தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 சதவீதச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் இது கிடைக்காது. எது லாபம் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

சொந்தக்காரர்கள் சொன்னதற்கு வருகிறேன். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் வந்து, எண்ணூர் கழிமுகத்தில் படகிலும் வலையிலும் அப்பியதே, அது உலகப் பிரச்சினை இல்லையா? அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா நெடியில் எண்ணூர் பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே? வீணான வலைக்குப் பதில் புது வலை வாங்க யார் என்ன வட்டிக்குக் கடன் வாங்கினார்கள் என்று ஒரு வீட்டில் உட்கார்ந்து கேட்டால், வெளியாளுக்குப் பதில் வராது. உங்கள் மகளுக்கு வரும். அந்தத் துறைக்கு அவள் கொண்டுபோகிற மூலதனம் அது. இந்தப் படிப்பில் எனக்கு மனப்பூர்வமான நம்பிக்கை இருக்கிறது.

சம்பளம் வேறு விஷயம். தொண்டு நிறுவனங்களிலும், கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கும் சமூகப் பணிகளிலும் வேலை உண்டு. ஆனால் ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. போன வருடம் முடித்தவர்கள் எங்கே, எவ்வளவுக்குச் சேர்ந்தார்கள் என்று துறையிலேயே கேட்கச் சொல்லுங்கள். மாதம் 20,000 தாண்டினால் 5,000 தவணையைச் சமாளிக்கலாம். அதற்குக் கீழே என்றால் தவணைக் காலத்தைப் பத்து வருடமாகக் கேளுங்கள்.

இன்னொன்றையும் அவள் கேட்கட்டும்: ஒரு பருவக் களப்பணியை எண்ணூரிலேயே செய்ய அனுமதி உண்டா, அந்தப் பருவத்துக்கு விடுதிக் கட்டணம் கழியுமா என்று. மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சாப்பாடு வீட்டில். அந்தத் தொகை மிஞ்சினால் அடகு வைத்த சவரனை முதலில் மீட்டுவிடுங்கள்.