பரண்ல கெடந்த வால்வு கிட்டார் ஆம்ப்ப நாமளே ரிப்பேர் பண்ணலாமா?

இருபது வருஷமா ஓடாத வால்வு ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா சூடாகற கண்ணாடிக் குழாய்ங்க, அதாவது வால்வுங்க, வேல செய்யற பழைய ஆம்ப்ளிஃபையர்) வீட்ல இருக்கு, ப்ளக்கு போட்டுப் பாக்கலாமா, புது வால்வு போட்டா ஓடிடுமான்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல ப்ளக்கு போடாதீங்க. நான் போட்டுட்டு முழிச்சவன், அதனால சொல்றேன்.

எங்க சித்தப்பா 80கள்ல குடியாத்தம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுல கிட்டார் வாசிச்சுக்கினு இருந்தாரு, கெங்கையம்மன் சிரசு திருவிழான்னா விடிய விடிய கச்சேரி. அவரோட ஆம்ப்புக்கு பிராண்டெல்லாம் கெடையாது, யாரோ ரேடியோ மெக்கானிக் கையால கட்டினது. பின்பலகைல வெள்ள பெயிண்ட்ல எழுதின குழு பேரு அழிஞ்சு "வ.ஆ. மாவட்டம்"னு (வட ஆற்காடு) மட்டும் நிக்குது, அனேகமா 1989ல மாவட்டத்த பிரிக்கறதுக்கு முன்னாடி எழுதினதா இருக்கணும். உள்ள ஸ்பீக்கர ஓட்டறதுக்கு ரெண்டு ஈஎல்84, முன்னாடி ஸ்டேஜுக்கு ரெண்டு ஈசிசி83, ஏசி கரண்ட்ட டிசி ஆக்கற ரெக்டிஃபையருக்கு ஒரு ஈஸெட்81, எல்லாமே பிஇஎல் வால்வு (நம்ம ராணிப்பேட்ட பெல் இல்லீங்க, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஒரு காலத்துல அவங்க வால்வு பண்ணிக்கினு இருந்தாங்க). மூலைல ஒரு குளவிக்கூடு வேற.

சுவிட்ச் போட்டேன். அர நிமிஷம் ஒண்ணுமில்ல, அப்புறம் கொர்ருனு ஒரு உறுமல், ப்யூஸ் போச்சு. ஒரு கடைல காட்டினேன், உள்ள இருக்கற எல்லாத்தயும் கழட்டிட்டு ஐசி போர்டு போட்டுத் தர்றேன்னாங்க. கும்பிடு போட்டு தூக்கிக்கினு வந்துட்டேன். கடைசில சத்துவாச்சாரில அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் கிட்ட போனேன். மூடியத் தொறந்து ஒரு பார்வ பாத்துட்டு, "வால்வு மேல பழி போடாத தம்பி, அது நல்லாத்தான் கீது. கண்டென்சர் செத்துக்கீது"ன்னாரு.

அதாவது கரண்ட்டே பாக்காம வருஷக்கணக்கா கெடந்தா கரண்ட்ட தேக்கி வெக்கற எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு உள்ள இருக்கற ஆக்சைடு படலம் கெட்டுப்போயிடும், ஈரமும் காஞ்சிடும், வேலூர் வெயில்ல பரண்ல வெச்சா கேக்கவே வேணாம். அதும்மேல திடீர்னு 300 வோல்ட் ஏறுனா ஷார்ட் மாதிரி ஆயிடுது, அது கூடவே மெயின்ஸ் ட்ரான்ஸ்பார்மரும் போற ஆபத்து இருக்கு. அதனாலதான் பெரியவர் எதையும் சீரிஸ் போர்டு இல்லாம ஆன் பண்ண மாட்டாரு. ஒரு 60 வாட் குண்டு பல்ப, எல்இடி உதவாது, சீரிஸ்ல போட்டு சுவிட்ச் போட்டாரு, பல்பு பளிச்சுனு எரிஞ்சுது, அப்படின்னா உள்ள ஷார்ட்டு. ஆஃப் பண்ணி, சூடு ஆறினதும் ஈஸெட்81 ஒண்ண மட்டும் உருவிட்டு திரும்ப போட்டாரு. பல்பு மங்கிடுச்சு, மத்த வால்வுங்க இழை லேசா செவந்துச்சு. "ட்ரான்ஸ்பார்மர் பொழச்சுது, கோளாறு அதுக்கு அப்பாலதான்"னாரு. ஒரு வால்வ உருவறதுலயே பாதி நோய் தெரிஞ்சுபோச்சு, எனக்கு அதுதான் ஆச்சரியம்.

இத மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கங்க: ப்ளக்க உருவினதுக்கு அப்புறமும் கண்டென்சர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், ஆள அடிச்சுடும். 10 கே (10 கிலோ ஓம்), 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு எடுத்து, நல்ல இன்சுலேஷன் உள்ள க்ளிப் போட்டு, கண்டென்சருக்கும் சேசிஸுக்கும் (எல்லாத்தயும் தாங்கற உலோகத் தட்டு) நடுவுல பத்து செகண்ட் வைங்க, அப்புறம் மீட்டர்ல பாத்து கிட்டத்தட்ட ஜீரோன்னு தெரிஞ்சாதான் கை வைக்கணும். ஸ்க்ரூ டிரைவரால பட்டுனு ஷார்ட் பண்றது வேணாம். ஓடிக்கினு இருக்கறப்ப அளந்தா ஒரு கை பாக்கெட்ல, ரெண்டு கையும் பட்டா கரண்ட் நெஞ்சு வழியா போயிடும். நான் எடது கைய சேசிஸ்ல ஊணினப்ப பெரியவர் புறங்கைல ஒண்ணு வெச்சாரு. ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணவும் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் போயிடும், அத திரும்ப ஒழுங்கா சுத்தித் தர ஆள் கெடைக்கறது குதிரக்கொம்பு.

கண்டென்சருக்கு காட்பாடில ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 450 வோல்ட் 47 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) வாங்கினேன், பெருசா 100 போட்டா ஹம், அதாவது அந்த உறுமல், இன்னும் கொறையும்னு ஆசப்படாதீங்க, ஈஸெட்81க்கு அடுத்து வர்ற மொத கண்டென்சர் 50 தாண்டக் கூடாது, வால்வு தாங்காது.

அத மாத்தினதும் சத்தம் வந்துச்சு, ஆனா ஒரு அஞ்சு நிமிஷத்துல கரகரன்னு ஆச்சு. பெரியவர் லைட்ட அணைச்சாரு. இருட்டுல பாத்தா ஒரு ஈஎல்84 உள்ள இருக்கற தகடு அடுப்புக்கரி மாதிரி செவந்து தெரியுது. அதோட 2ம் பின்ல (சிக்னல் உள்ள போற கிரிட்) ஜீரோ இருக்கணும், மீட்டர் 6 வோல்ட் காட்டுது. முன்னாடி ஸ்டேஜ்லேந்து வர்ற பழைய பேப்பர் கப்ளிங் கண்டென்சர் ஒழுகுது, அவ்ளோதான், சின்ன சாமான்தான் ஆனா வால்வக் கொல்றது அதுதான். ரெண்டு ஈஎல்84க்கும் போற கப்ளிங் கண்டென்சர மாத்தினப்புறம், ரெண்டு வால்வு கரண்ட்டும் சேந்து போற 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர்ல 9.5 வோல்ட் வந்துச்சு, அப்படின்னா ரெண்டு வால்வுக்கும் சேத்து 73 மில்லி ஆம்ப், ஒரு வால்வுக்கு பத்து வாட் சொச்சம், லிமிட் 12. வால்வு ஒண்ணு கூட மாத்தல.

பழசுல டூ பின் ப்ளக்குதான் இருக்கும், த்ரீ பின் போட்டு எர்த்த சேசிஸ்ல நல்லா முறுக்கிடுங்க. கிட்டார் கம்பி சேசிஸோட சேந்துதான் இருக்கு, மைக்ல உதடு பட்டு ஷாக் வாங்கின கத சித்தப்பாகிட்ட நெறைய இருக்கு. ரெக்சினும் பசையும் இங்க ஷூ ஊர்ல பிரச்சனையே இல்ல, ஆம்பூர்லயே வாங்கி ஒட்டிட்டேன், பின்பலகைய மட்டும் தொடல.

இப்பவும் லேசா ஒரு ஹம் இருக்கு. ரெக்டிஃபையர் பக்கம்னா 100 ஹெர்ட்ஸ் வரணும், இது 50, ஹீட்டர் ஒயர (வால்வு இழைக்கு கரண்ட் போற ஒயர்) முறுக்காம இழுத்ததால இருக்கும்னு நெனைக்கறேன். பிரிச்சுப் போட்டுடவான்னு சித்தப்பாகிட்ட கேட்டேன். "உடுப்பா, அது அப்பவே அப்பிடிதான் கத்திக்கினு இருந்துச்சு"ன்னுட்டு வால்யூம ஏத்தினாரு.