மூலையில் மட்டும் வால் முளைத்த நட்சத்திரங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிதாக 8 அங்குல எஃப்/4 நியூட்டோனியன் (ஆடி வைத்த டெலஸ்கோப்) வாங்கி, மொட்டைமாடியில் வைத்து ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தேன். நடுவில் பிரமாதம். ஓரத்துக்குப் போகப் போக நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கிறது, வலது கீழ் மூலையில் ரொம்ப மோசம். கோமா கரெக்டர் (ஓரத்தைச் சரிசெய்யும் லென்ஸ்) போட்டும் இப்படி. விற்றுவிட்டு ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்) வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். விற்கலாமா?
(வேளச்சேரி வாசகர்)

பதில்: விற்காதீர்கள். முதல் படத்திலேயே நடு நன்றாக வந்திருக்கிறது என்றால் ஆடியில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

எஃப்/4 (குவிய தூரம் ஆடி விட்டத்தைப்போல நான்கே மடங்கு) வாங்கும்போதே கோமாவும், அதாவது ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும் குறையும், கூடவே வந்துவிடுகிறது. பரவளைய ஆடி மையத்தில் மட்டும்தான் நட்சத்திரத்தைச் சுத்தமான புள்ளியாகக் குவிக்கும். எஃப்/4-ல் அந்தச் சுத்தமான பகுதி குறுக்கே ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாது, உங்கள் சென்சாரோ மூலைக்கு மூலை 28 மி.மீ. இருக்கும். மீதி இடத்தைக் காப்பாற்றத்தான் கரெக்டர்.

அதைப் போட்டும் வால் வருகிறதென்றால், முதலில் படத்தின் நான்கு மூலைகளையும் முழு அளவுக்குப் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே அளவு வால் என்றால் அது இடைவெளிப் பிரச்சினை. பெரும்பாலான கரெக்டர்கள் தங்களுக்கும் சென்சாருக்கும் நடுவே 55 மி.மீ. கேட்கும். கேனான் டிஎஸ்எல்ஆரில் பாடிக்குள் 44, டி-ரிங் (கேமராவைப் பொருத்தும் வளையம்) 11, கணக்கு தானாகவே சரியாகிவிடும். தனி ஆஸ்ட்ரோ கேமரா வைத்திருப்பவர்கள்தான் ஸ்பேசர் வளையங்களோடு மல்லுக்கட்ட வேண்டும், அதிலும் நடுவில் ஃபில்டர் இருந்தால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் உங்களுக்கு ஒரு மூலை மட்டும் மோசம். எங்கேயோ ஏதோ சாய்ந்திருக்கிறது. கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கேமராவை மட்டும் ஃபோகஸரில் (கேமரா பொருந்தும் குழாய்) 180 பாகை திருப்பி இன்னொரு படம் எடுங்கள். இப்போதும் அதே வலது கீழ் மூலைதான் கெட்டிருக்கிறது என்றால் சாய்வு கேமரா பக்கம், அதாவது அடாப்டரிலோ சென்சாரிலோ. இடது மேல் மூலைக்கு மாறிவிட்டதென்றால் குற்றவாளி டெலஸ்கோப், கொலிமேஷனையும் (ஆடிகள் நேராக அமைந்திருப்பது) ஃபோகஸரையும் பாருங்கள். ஒற்றைத் திருகில் கனமான கேமராவைத் தொங்கவிட்டால் அது தலையைத் தொங்கப் போடத்தான் செய்யும், மரையில் முறுக்கிப் பொருத்துவதே நல்லது.

லேசர் வைத்துக் கொலிமேஷன் செய்பவரென்றால் ஆடித் திருகைத் தொடுவதற்கு முன் லேசரை ஃபோகஸருக்குள்ளேயே சுழற்றிப் பாருங்கள். ஆடியில் சிவப்புப் புள்ளி நகராமல் நின்றால் நம்பலாம், வட்டம் போட்டால் லேசரே கோணல், அதை வைத்து எதைச் சரிசெய்தாலும் கெடும். அப்புறம், ஃபோகஸர் வழியாகப் பார்த்தால் எஃப்/4-ல் துணை ஆடியின் (ஒளியை ஃபோகஸருக்குத் திருப்பும் சின்ன ஆடி) நிழல் நட்டநடுவில் தெரியாமல் முதன்மை ஆடிப் பக்கம் கொஞ்சம் தள்ளித் தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். நிறையப் பேர் அதை நடுவுக்குக் கொண்டுவரப் போய் ஒரு ராத்திரியைத் தொலைக்கிறார்கள்.

கேள்வி: எஃப்/8-ஐவிட எஃப்/4 நான்கு மடங்கு வேகம் என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். 2 நிமிடம் எக்ஸ்போஷர் கொடுத்தால் படம் முழுக்க வெளுத்துப்போகிறது. ஏமாந்துவிட்டேனா?
(அண்ணா நகர் வாசகர்)

பதில்: இல்லை, வேகம் நிஜம்தான். ஆனால் நெபுலாவின் ஒளியை மட்டும் பொறுக்கி எடுக்க அதற்குத் தெரியாது, தெருவிளக்கில் வெளுத்த சென்னை வானத்தையும் அதே வேகத்தில் சேர்த்து அள்ளும். ஊருக்குள் 20, 30 வினாடிப் படங்களே போதும், நூற்றுக்கணக்கில் எடுத்து ஸ்டாக் செய்யுங்கள். 100 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். ஓரியனின் நடுப்பகுதிக்கு மட்டும் தனியாக 5 வினாடிப் படங்கள் கொஞ்சம் எடுத்துக் கலந்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே இருக்கும் நான்கு நட்சத்திரங்களும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும்.

ரோசெட் மாதிரி தானே ஒளிரும் நெபுலாக்களுக்கு ஹைட்ரஜனின் 656, ஆக்ஸிஜனின் 501 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் இரட்டை ஃபில்டர் நல்ல துணை. கார்த்திகைக் கூட்டத்துக்கு அது உதவாது, அங்கே இருப்பது தூசியில் பட்டுத் திரும்பும் நட்சத்திர வெளிச்சம். கேலக்ஸிகளுக்கும் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஃபில்டர் குறுகலாக இருப்பதுதான் நல்லது என்று 3 நானோமீட்டருக்குப் பாயாதீர்கள். எஃப்/4-ல் ஓரக் கதிர்கள் சாய்வாக நுழைவதால் ஃபில்டரின் ஜன்னல் நீலப் பக்கம் நகர்ந்து, நமக்கு வேண்டிய ஒளியையே வெட்டிவிடும். 7 நானோமீட்டர் நிம்மதி.

கேள்வி: ஃபோகஸ் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. பழைய எஃப்/8-ல் இப்படி இல்லையே?
(பெரம்பூர் வாசகர்)

பதில்: இருக்காதுதான். எஃப்/8-ல் ஃபோகஸ் ஏறக்குறைய 170 மைக்ரான் அகலத்துக்குள் எங்கே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், எஃப்/4-ல் 43 தான், தலைமுடியைவிட மெல்லிசு. பாட்டினோவ் மாஸ்க் (டியூப் முனையில் மாட்டும், கோடு கோடாக வெட்டிய மூடி) போட்டுப் பிரகாசமான நட்சத்திரத்தில் பிடியுங்கள். பிடித்ததும் ஃபோகஸரைப் பூட்டும்போது அது நகர்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், பல பேருக்கு ஃபோகஸ் போவது அங்கேதான். ஏசி அறையிலிருந்து டியூபை நேராக மாடிக்குத் தூக்கிப் போகவும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் ஆடி உடனே வேர்த்துவிடும்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி துருவ நட்சத்திரத்தை மறைக்கிறது. மவுண்டை (டெலஸ்கோப்பைத் தாங்கிச் சுழற்றும் அமைப்பு) எப்படி நேராக்குவது?
(மயிலாப்பூர் வாசகர்)

பதில்: சென்னையின் அட்சரேகை 13 பாகை, துருவ நட்சத்திரமும் அந்த உயரத்தில்தான் நிற்கும், பாதிச் சென்னைக்கு அது தெரியாது. டிரிஃப்ட் முறைதான் வழி: தெற்கே உச்சிக்கோட்டருகே (தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கோடு) ஒரு நட்சத்திரம், கிழக்கே தாழ்வாக ஒன்று, இரண்டும் வடக்கிலோ தெற்கிலோ நழுவாத வரை மவுண்டைத் திருத்துங்கள். இதே 13 பாகைக்கு ஒரு லாபமும் உண்டு. வடநாட்டுக்காரர்கள் தொடுவானத்தோடு மல்லாடும் ஒமேகா சென்டாரி நமக்குத் தெற்கே 29 பாகைக்கு ஏறிவரும். ஏப்ரல், மே மாதங்களில் எடுத்துப் பாருங்கள். கொத்தாக இருக்கிற நட்சத்திரக் கூட்டம், ஊர் வெளிச்சத்தை ஓரளவு தாங்கும்.

கேள்வி: பிரகாசமான நட்சத்திரங்களில் மட்டும் சிலுவை மாதிரி நான்கு கதிர்கள். பழுதா?
(தாம்பரம் வாசகர்)

பதில்: பழுதில்லை. துணை ஆடியைத் தாங்கும் நான்கு தகடுகளின் விளிம்பில் ஒளி வளைவதால் வருவது. கதிர் இரண்டிரண்டாகப் பிரிந்து தெரிந்தால் மட்டும், எதிரெதிர்த் தகடுகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. ஆடியில் தூசி படிந்திருக்கிறது, கழுவலாமா?
(பெசன்ட் நகர் வாசகர்)

பதில்: கொஞ்சம் தூசிக்காகக் கழுவ வேண்டாம், படத்தில் தெரியாது. உப்புப் படலமாகப் படிந்தால் மட்டும் ஆடியைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி அலசுங்கள், துணியால் தேய்க்காதீர்கள். மற்ற நாட்களில் டியூபின் இரண்டு முனையையும் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு வையுங்கள்.