குழந்தைகள் கதைக்கு வரைந்த படத்தை ஓவியம் என்று சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். கேள்வியைப் பார்த்தால் நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ வரைகிற ஆள், யாரோ "இதெல்லாம் பொம்மைப் படம்" என்று சொல்லிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நானும் நிறைய கேட்டாயிற்று.

நான் இப்போது ஸ்வீடனில், யென்ஷோப்பிங் ஊரில் இருக்கிறேன். ஓவியர் ஜான் பாவர் 1882இல் பிறந்த ஊர். கிறிஸ்துமஸுக்கு வருடம் ஒன்றாக வந்த கதைத் தொகுப்புக்கு 1907 முதல் படம் போட்டவர். சுற்றியுள்ள ஸ்மோலண்ட் காட்டில் நடந்தால் அவர் வரைந்த பூதங்கள் எங்கிருந்து வந்தன என்று புரிந்துவிடும். எங்கு பார்த்தாலும் பாசி மூடிய பாறை, அதைக் கவ்விய வேர், நேரே நிற்கும் மரங்கள். இங்குள்ள அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் ஏராளம். ஊரிலிருந்து வந்த என் சித்தப்பாவை அங்கே கூட்டிப்போனேன். ஒரு சுற்று வந்துவிட்டு, "பிள்ளைங்க புக்குல வர்ற படம் மாதிரி இருக்கேம்மா" என்றார். புத்தகத்துக்கு வரைந்ததுதான் சித்தப்பா என்றேன். "அப்போ சரி" என்று காபி குடிக்கப் போய்விட்டார்.

பிறகு சித்தப்பாவுக்கு நான் செல்போனில் காட்டியது 1913இல் பாவர் வரைந்த தூவ்ஸ்டார் படம். கதை இதுதான்: தூவ்ஸ்டார் என்ற குட்டி இளவரசி ஒரு எல்க் மானின் முதுகில் ஏறிக் காட்டுக்குள் போகிறாள். கிரீடம் போகிறது, உடை போகிறது, கடைசியில் கழுத்தில் கிடந்த தங்க இதயமும் ஒரு கறுத்த குளத்தில் விழுந்துவிடுகிறது. அதைத் தேடிக் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். படத்தில் மரங்களின் உச்சி தெரியாது, அடிமரம் மட்டும் வரிசையாக நிற்கும். அந்த இருட்டில் வெளிச்சமாக இருப்பது அவளுடைய மெலிந்த வெள்ளை உடம்பும் நீண்ட முடியும்தான். அழுகை, கண்ணீர் எதையும் வரையவில்லை. குனிந்த தலையே போதும் என்று விட்டிருக்கிறார். இது ஓவியம் இல்லையென்றால் வேறு எதைத்தான் சொல்வது?

பூதங்களை வரைந்த நார்வே ஓவியர் கிட்டெல்சனை ஏன் விட்டாய் என்று யாராவது வருவார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் நான் அடிக்கடி பார்ப்பது பாவரைத்தான். பாவரே 1915க்கு மேல் அந்தத் தொகுப்புக்கு வரையவில்லையே என்றும் கேட்கலாம். உண்மைதான், அவருக்கே பூதங்கள் அலுத்துப்போயின. வரைந்தவருக்கு அலுத்தால் வரைந்த படத்தின் மதிப்பு குறைந்துவிடுமா என்ன?

எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்ததற்குக் காரணம் வேறு. 1911இல் தன் படங்களின் உரிமை தனக்கு வேண்டும் என்று பதிப்பாளரிடம் கேட்டார். மறுத்தார்கள். அந்த வருடம் அவர் வரையவில்லை, வேறொருவரை வைத்து முடித்தார்கள். 1912இல் திரும்ப வந்தார், தூவ்ஸ்டார் அதற்கும் பிறகு.

எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஊரில் ஒரு சிறுவர் பத்திரிகைக்கு வரைந்துகொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். ஒரிஜினலைத் திருப்பிக் கேட்டால், "காசு குடுத்தாச்சுல்ல" என்பார்கள். அந்தக் காசு பெயிண்டுக்கும் பேப்பருக்கும் சரியாகப் போகும். அப்புறம் ஒரு தீபாவளிக்கு, ஒரு ஜவுளிக்கடையின் விளம்பர நோட்டீஸில் நான் வரைந்த யானையைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்டிருந்த மூலையில் கடையின் போன் நம்பர் இருந்தது. பத்திரிகை ஆபீஸுக்குப் போன் பண்ணினால், "உங்க படம் நாலு பேர் பார்க்கிறாங்களே, சந்தோஷப்படுங்க" என்கிறார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், வாழ்த்து வேறு சொன்னார்கள்.

இப்போது யார் படம் கேட்டாலும், ஒரிஜினல் யாருக்கு, வேறு எங்கே அச்சிடலாம் என்பதை முதலில் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வரைகிறவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.