வாசகர் கேள்வி – பதில்: சைக்கிள் தடத்தை அகற்றினால் நெரிசல் தீருமா?

கேள்வி: டொராண்டோ நகரின் முக்கியச் சாலைகளில் இருக்கும் சைக்கிள் தடங்களை அகற்ற மாகாண அரசு சட்டம் கொண்டுவந்ததாகவும், அதை நீதிமன்றம் தடுத்துவிட்டதாகவும் படித்தேன். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு ஒரு சாலையில் எந்த வண்டிக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்வதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை? சைக்கிளுக்குக் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்தால் கார்கள் விரைவாகப் போகும் என்பது எளிய கணக்குதானே?

பதில்: நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். புளோர் வீதி, யங் வீதி, யூனிவர்சிட்டி அவென்யூ ஆகிய மூன்று சாலைகளில் இருந்த தடங்களை அகற்ற வழிசெய்யும் சட்டத்தை ஒன்டாரியோ மாகாண அரசு 2024 நவம்பரில் நிறைவேற்றியது. கார்களுக்கான தடத்தைக் குறைத்துப் புதிதாகச் சைக்கிள் தடம் அமைக்க விரும்பும் நகராட்சிகள் இனி மாகாணத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறியது. சைக்கிள் ஓட்டிகளின் அமைப்பு ஒன்றும் சிலரும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2025 ஜூலை 30 அன்று நீதிபதி பால் ஷாபாஸ் தீர்ப்பளித்தார். தடங்களை அகற்றுவது, உயிருக்கும் உடல் பாதுகாப்புக்கும் உறுதியளிக்கும் கனடா உரிமைச் சாசனத்தின் 7ஆம் பிரிவை மீறுகிறது என்றார். அரசு மேல்முறையீடு செய்தது.

சைக்கிள் தடம் கேட்டுப் பெறும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. நெரிசலைக் குறைப்பதாகச் சொல்லி அரசு ஒரு பாதுகாப்பைப் பிடுங்குகிறது. அதனால் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஆபத்து கூடும் என்பதற்குச் சான்று இருக்கிறது, நெரிசல் குறையும் என்பதற்குச் சான்று இல்லை, ஆகவே இந்தச் செயல் காரணமற்றது என்பதே அதன் சாரம். சாலை இடத்தைப் பங்கிடுவது அரசின் வேலைதான் என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சொன்ன பயனைத் தராது என்று தெரிந்த ஒன்றுக்காக மனிதர்களின் எலும்பையும் உயிரையும் பணயம் வைக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் கிடையாது என்றே நினைக்கிறேன்.

இனி, எளிய கணக்கு என்று நீங்கள் சொன்னதைப் பார்ப்போம். நகரச் சாலையில் கார்களின் வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது சாலையின் அகலம் அல்ல, சந்திப்புகள். சிக்னலில் பச்சை விளக்கு எத்தனை வினாடி எரிகிறது, திரும்புவதற்காகக் காத்து நிற்கும் ஒரு கார் தன் பின்னால் எத்தனை வண்டிகளை நிறுத்தி வைக்கிறது, பொருள் இறக்க வந்த வேன் எந்த ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது ஆகியவையே பயண நேரத்தைத் தீர்மானிக்கின்றன. இரு சந்திப்புகளுக்கு நடுவே ஒரு தடத்தைக் கூட்டினால், அடுத்த சிவப்பு விளக்கில் காத்திருக்கும் வரிசை அகலமாகும். காத்திருக்கும் நேரம் அதே அளவில் குறைந்துவிடாது. மேலும், அகலப்படுத்திய சாலை புதிய கார்களை இழுத்துக்கொள்ளும் என்பது 1962இலேயே பொருளியல் அறிஞர் ஆன்டனி டௌன்ஸ் எடுத்துக்காட்டிய உண்மை. அமெரிக்கப் பெருநகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து டுராண்டனும் டர்னரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் ஓடும் வண்டிகளின் தூரமும் கூடுகிறது என்று காட்டியது.

செலவையும் மறந்துவிட வேண்டாம். டொராண்டோவின் அந்த மூன்று தடங்களையும் அமைக்க ஏறத்தாழ 2.7 கோடி கனடிய டாலர் ஆனது, அகற்றுவதற்கு 4.8 கோடி டாலராவது ஆகும் என்று நகராட்சி அதிகாரிகள் கணக்கிட்டார்கள்.

கேள்வி: வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல் போனால் வணிகம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது நியாயமில்லையா?

பதில்: அவர்களுடைய அச்சம் உண்மையானது. வாடகையும் சம்பளமும் மாதம் தவறாமல் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். எனினும், தம் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கேட்டால் கடைக்காரர்கள் உண்மையைவிட அதிகமாகவே சொல்கிறார்கள் என்பது பல நகரங்களில் கண்ட ஒன்று. புளோர் வீதியின் ஒரு பகுதியில் 2009இல் வெளியான ஆய்வின்படி, வாடிக்கையாளர்களில் காரில் வந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். அதே வீதியில் 2016இல் சோதனை முறையில் தடம் அமைத்த பின் எடுத்த கணக்கில், கடைகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் அவர்கள் செலவிட்ட தொகையும் கூடியிருந்தன. சரக்கு இறக்கவும், நடக்க இயலாதவர்கள் இறங்கவும் இடம் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டால் அதை உடனே செய்து கொடுக்க வேண்டும். தடத்தை வைத்துக்கொண்டே அதைச் செய்ய முடியும்.

கேள்வி: எங்கள் சாலையில் சைக்கிள் தடம் எப்போதும் காலியாகவே கிடக்கிறது. பக்கத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

பதில்: நின்றுகொண்டிருக்கும் கார் நெடுநேரம் கண்ணில் படுகிறது, சைக்கிள் நிற்காமல் போய்விடுவதால் தடம் காலியாகத் தெரிகிறது. ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அதையும் மீறி உண்மையிலேயே ஆளில்லை என்றால், அந்தத் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பாதி வழியில் அறுந்து போகும் தடத்தை நம்பிப் பள்ளிப் பிள்ளையை யாரும் அனுப்ப மாட்டார்கள். ஸ்பெயினின் செவில் நகரம் 2006இல் தொடங்கி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடங்களை ஒன்றோடொன்று இணைத்து விரைந்து கட்டிய பிறகு, சில ஆண்டுகளிலேயே அங்கே சைக்கிளில் போகிறவர்கள் பல மடங்கானார்கள்.

கேள்வி: அப்படியானால் ஒருமுறை போட்ட தடத்தை எக்காலத்திலும் எடுக்கவே கூடாது என்கிறீர்களா?

பதில்: இல்லை. எடுக்க வேண்டிய தடங்களும் உண்டு. நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி வெறும் வெள்ளைக் கோடு கிழித்து அதைச் சைக்கிள் தடம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பத்தாண்டுகளுக்கு மேல் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவன் நான். ஒரு காலையில், அத்தகைய கோட்டுக்குள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காரின் கதவு சட்டென்று திறந்தது. கைப்பிடியின் நுனி கதவின் விளிம்பில் இடித்து, முன்சக்கரம் மடங்கி, நடுச்சாலையில் விழுந்தேன். பின்னால் வந்த வேன் நின்ற இடத்துக்கும் என் தலைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. கதவைத் திறந்தவர் பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டார்; தவறு அந்தக் கோட்டை அங்கே கிழித்தவர்களுடையது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கார்களுக்கும் நடைபாதைக்கும் நடுவில், கதவு திறக்கும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தடுப்புக்கட்டையோடு தடம் அமைப்பதுதான் சரி.

நன்றாக அமைத்த தடத்தை எடுக்க வேண்டும் என்றால், முதலில் அதற்குப் போதிய காலம் கொடுத்திருக்க வேண்டும். லண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020இல் அமைத்த தடத்தை ஏழு வாரங்களில் பிடுங்கிவிட்டார்கள். மக்கள் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவே அந்த அவகாசம் போதாது. வான்கூவரின் பர்ரார்ட் பாலத்தில் 1996இல் ஒரு கார்த் தடத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கிய சோதனை, எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே வாரத்தில் கைவிடப்பட்டது. 2009இல் அதே பாலத்தில் மீண்டும் முயன்றபோதும் போக்குவரத்து முடங்கிவிடும் என்றே பலரும் சொன்னார்கள். இம்முறை நகராட்சி பொறுத்திருந்தது. போக்குவரத்து முடங்கவில்லை, தடம் நிலைத்தது.

உங்கள் பகுதியில் இப்படியொரு தீர்மானம் வந்தால், கூட்டத்துக்குப் போய் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: தடம் வருவதற்கு முன்னும் பின்னும் அச்சாலையில் பயண நேரம் எவ்வளவு, அடிபட்டவர்கள் எத்தனை பேர், தடத்தை எடுத்த மறுநாள் காலையில் அதில் போய்க்கொண்டிருந்தவர்கள் எந்த வழியாகப் போவார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை உட்காராதீர்கள்.