எடை குறைப்பு அறுவை சிகிச்சையின் பலன் ஒருவருடைய மனநிலையையும் குணத்தையும் பொறுத்ததா?

பொறுத்ததுதான், ஆனால் பலரும் நினைக்கிற விதத்தில் அல்ல. நான் மருத்துவன் அல்லன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சென்னையில், இரைப்பையைச் சிறிதாக்கும் 'ஸ்லீவ்' முறையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 121 கிலோவிலிருந்து 82க்கு இறங்கி, மூன்றாம் ஆண்டில் 93 வரை ஏறி, இப்போது 86இல் நிற்பவன்.

சிகிச்சைக்கு முன் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். "பசி இல்லாத நேரத்தில் சாப்பிடுவது உண்டா?" என்று அவர் கேட்டார். "இல்லை மேடம்" என்றேன். அது பொய். இரவு பதினொரு மணிக்கு அலுவலக அழைப்பு முடிந்ததும், விளக்கைக்கூடப் போடாமல் சமையலறையில் நின்றபடியே மிக்சர் டப்பாவைக் காலி செய்பவன் நான். உண்மையைச் சொன்னால் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். பெரும்பாலும் அந்த உரையாடல் யாரையும் ஒதுக்குவதற்காக நடப்பதில்லை என்பதும், பின்னால் எங்கே சறுக்குவோம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை பலிக்காது என்று உறவினர்கள் சொல்வார்கள். 2016இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, இதை நாடி வருவோரில் ஏறத்தாழ 19 சதவீதத்தினருக்கு மனச்சோர்வும், 17 சதவீதத்தினருக்குக் கட்டுப்பாடின்றி அளவுக்கு மீறி உண்ணும் கோளாறும் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆயினும் இவை முன்பே இருப்பதால் எடை குறைவது தடைப்படுகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. கட்டுப்பாடிழந்து உண்பது சிகிச்சைக்குப் பின் தலைதூக்கினால்தான், இழந்த எடை திரும்ப ஏறும் வாய்ப்பு கூடுகிறது.

அதற்குக் காரணம் உண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக அகற்றிவிடுவார்கள். அதோடு பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனின் சுரப்பும் குறைந்துவிடும். முதல் ஆண்டு முழுவதும் ஒன்றரை இட்லியோடு எழுந்துவிடுவேன், அதை என்னுடைய மன உறுதி என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு பசி மெல்லத் திரும்பியது. மூன்றாவது இட்லியை ஏற்காத வயிறு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிற மிக்சரையோ ஐஸ்கிரீமையோ எந்தத் தடையும் சொல்லாமல் உள்ளே விட்டது.

ஓரளவு எடை ஏறுவது இயல்பே. 1987இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு ஆய்வில், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு எடை குறைப்பு முறை) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் எடை இழந்திருந்தார்கள்; பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. அந்த ஏற்றம் எங்கே நிற்கிறது என்பதில் உடலின் பங்கோடு குணத்தின் பங்கும் சேர்கிறது. விடாமுயற்சி மிகுந்தவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எல்லா ஆய்வுகளும் அதில் ஒத்துப்போவதில்லை. என் அனுபவத்தில் வீராப்பு எதற்கும் உதவவில்லை. வைட்டமின் மாத்திரையை மறக்காமல் போடுவது, எடை ஏறிய மாதத்திலும் வெட்கப்படாமல் பரிசோதனைக்குப் போவது போன்ற சலிப்பூட்டும் ஒழுங்குதான் உதவியது. நான் அந்த இரண்டாவதைத்தான் ஓர் ஆண்டு முழுவதும் செய்யவில்லை.

மதுப் பழக்கம் உள்ளவர்கள் பைபாஸ் பற்றி யோசித்தால், ஆலோசகரிடம் அதை மறைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு முன் 7.6 சதவீதமாக இருந்த மதுச் சிக்கல் இரண்டாம் ஆண்டில் 9.6 ஆகியிருந்தது. பைபாஸுக்குப் பின் மது இரத்தத்தில் வேகமாக ஏறுவதும் இதற்கு ஒரு காரணம்.

93 கிலோவில் அதே ஆலோசகரிடம் மீண்டும் போனேன். அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பது வரை சொன்னேன். என்ன தின்றேன் என்பதை விட்டுவிட்டு, டப்பாவைத் திறக்கும்முன் மனத்தில் என்ன ஓடியது என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். முதல் வாரத்தின் ஏழு குறிப்புகளில் ஐந்து, என் மேலாளரின் அழைப்பைப் பற்றியவை. இப்போது அந்த அழைப்பு முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போகிறேன். வாரத்தில் ஓரிரு நாள் டப்பா வரை போவதும் உண்டு.